இரண்டு ஃப்ரிட்ஜும் ஒரு விசிட் ஃபாரமும்

1. பச்சை ஃபாரம்

"வசந்தாக்கா, நாளைலேர்ந்து ஹவுஸ் விசிட் நீங்க போறீங்க" என்று பிரின்சிபால் மேடம் சொன்னபோது என் கையில் டீ தட்டு இருந்தது. நாலு கிளாஸ். ஒன்றும் கீழே விழவில்லை. விழுந்துவிடுமோ என்ற பயத்தில் தட்டை மேசைமேல் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிரின்சிபால் முன்னால் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் கல்லூரி வண்டலூரிலிருந்து உள்ளே போகும் சாலையில், ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தது. சமுதாயக் கல்லூரி. எல்லாம் ஒரு வருஷ டிப்ளமோ: நர்சிங் உதவியாளர், ஏ.சி. மெக்கானிக், தையல். பத்தாவது ஃபெயில் ஆனவர்களும் சேரலாம். அங்கே அட்மிஷன் செக்‌ஷனில் நான் ஆபீஸ் அசிஸ்டென்ட். விண்ணப்பத்தில் போட்டோ ஒட்டுவேன், டோக்கன் கொடுப்பேன், ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கவரில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டுவேன், பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். கடைசி வேலை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

ஃபீஸ் கட்ட முடியாத பிள்ளைகளுக்குக் கல்லூரியில் சலுகை உண்டு. கால், அரை, முழு என்று மூன்று ரகம். யாருக்கு எது என்று முடிவு செய்ய, வீட்டுக்கு ஒரு ஆள் நேரில் போய்ப் பார்த்து ஒரு பச்சை ஃபாரத்தை நிரப்ப வேண்டும். ஃப்ரிட்ஜ், டிவி, சோபா, டூ வீலர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். இருந்தால் பாயிண்ட் குறையும், இல்லாவிட்டால் கூடும். வழக்கமாகப் போகும் லெக்சரர் பிரசவ லீவில் போய்விட்டார்.

"மேடம், நான் ஒன்பதாவது பாதியில நின்னவ. ஃபாரம் எல்லாம் என்கிட்ட குடுத்தா…"

"டிக் அடிக்கத் தெரியுமில்ல? இருக்கு, இல்ல. அவ்ளோதான். அடித்தல் திருத்தல் மட்டும் இருக்கக் கூடாது."

அந்தக் கடைசி வாக்கியம் போதும் எனக்கு. சாயந்திரம் வீட்டுக்குப் போகிற வழியில் தாம்பரத்தில் இறங்கி நாலு பேனா வாங்கினேன். ஒன்று எழுதாவிட்டால் இன்னொன்று. நாலுமே எழுதாவிட்டால் என்ன செய்வது என்று வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே போனேன்.

2. உறுமிய பூஜை அலமாரி

முதல் விசிட் பெருங்களத்தூரில் ஒரு அபார்ட்மென்ட், இரண்டாவது மாடி. பையன் ஏ.சி. மெக்கானிக் கோர்ஸுக்கு முழுச் சலுகை கேட்டிருந்தான். அவன் அம்மா கதவைத் திறந்தார். பழைய நைட்டி. ஆனால் கழுத்தில் செயினைக் கழற்றிய தடம் வெள்ளையாகத் தெரிந்தது.

ஹாலில் ஒரு பாய், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். சுவரில் டிவி மாட்டும் கம்பி இருந்தது, டிவி இல்லை. மூலையில் ஆள் உயரத்துக்கு ஒரு பொருள், பட்டுச் சேலை போர்த்தி, மேலே முருகன் படம், ஊதுவத்தி.

"அது என்னம்மா?"

"பூஜை அலமாரிங்க. குலதெய்வம். திறக்கக் கூடாது."

சாமி விஷயம். தொட்டால் பாவம் வந்துவிடுமோ என்று நான் இரண்டடி பின்னால் போனேன். 'ஃப்ரிட்ஜ்: இல்லை' என்று டிக் அடிக்கப் பேனாவைத் திறந்தேன். அப்போது பூஜை அலமாரி 'டக்' என்றது. பிறகு உறுமியது. முருகன் படம் லேசாக ஆடியது.

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன்.

"சாமி பவர்ஃபுல்லா இருக்காரு போல" என்றேன்.

"ஸ்டெபிலைசர் வைக்கணும்னு இவர்கிட்ட சொல்லிட்டே இருக்கேன்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார்.

'ஃப்ரிட்ஜ்: உண்டு.' அடித்தல் இல்லை, திருத்தல் இல்லை. மேடம் ஃபாரத்தைப் பார்த்து, "பரவாயில்லையே, லெக்சரரைவிட நீங்க ஷார்ப்" என்றார். அதுதான் எனக்கு வினையாகப் போயிற்று. மறைப்பவர்களைக் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலை என்று நினைத்துவிட்டேன்.

3. பள்ளிக்கரணை விருந்து

வியாழக்கிழமை பர்வீன் வீடு. பள்ளிக்கரணையில் சதுப்பு நிலத்தை ஒட்டிய தெரு. நர்சிங் உதவியாளர் கோர்ஸ். அவள் அத்தா, அதாவது அப்பா, காதர் பாய் சைக்கிளில் தெருத்தெருவாகப் போய் கேஸ் அடுப்பு ரிப்பேர் செய்பவர். "முழுச் சலுகை கிடைக்கலன்னா எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போயிடுவேங்கா, அங்க ஆள் எடுக்கறாங்க" என்று விண்ணப்பம் கொடுத்த அன்றே சொல்லியிருந்தாள். அழுதுகொண்டு சொல்லவில்லை. பஸ் டைம் சொல்வதுபோலச் சொன்னாள். அதனால் எனக்கு அது மனசிலேயே நின்றது.

வழி தவறிவிடுமோ என்ற கவலையில் முதல் நாளே போன் செய்து, எத்தனை மணிக்கு வருவேன் என்றும் சொல்லி, வாட்ஸ்அப்பில் லொகேஷன் வாங்கிக்கொண்டேன்.

போனால் வாசலிலேயே கோலாகலம். காதர் பாய் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார். "வாங்க மேடம், வாங்க! ஏழை வீட்டுக்கு வந்திருக்கீங்க!"

உள்ளே ஏழை வீடு இல்லை. மெரூன் கலர் சோபா. பெரிய டிவி. இரண்டு டேபிள் ஃபேன் இரண்டு பக்கமும் என் மேலேயே காற்றை அடித்தன. ரோஸ் மில்க் ஜில்லென்று வந்தது, எதையும் போர்த்தாமல் ஹாலிலேயே நிற்கும் பெரிய ஃப்ரிட்ஜிலிருந்து. ஃப்ரிட்ஜ் கதவில் பிள்ளையார் ஸ்டிக்கர். ஒரு பாய் வீட்டில் பிள்ளையார்! என்ன பரந்த மனசு என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு மட்டன் பிரியாணி. தால்சா. கத்திரிக்காய். வேண்டாம் என்றுதான் சொன்னேன்.

"ஒரு வாய் சாப்பிடாம போனா எங்களுக்கு எப்படி இருக்கும்? பர்வீன், அக்காவுக்கு முட்டை வை" என்றார் அவள் அம்மா நூர்ஜகான்.

இரண்டாம் தடவை நானே தட்டை நீட்டினேன். அதை இப்போதும் மறைக்க விரும்பவில்லை.

சாப்பிட்டுக் கைகழுவி, சோபாவில் சாய்ந்தபடி ஃபாரத்தை நிரப்பினேன். சோபா, உண்டு. டிவி, உண்டு. ஃப்ரிட்ஜ், உண்டு. ஒவ்வொரு டிக்குக்கும் காதர் பாய் முகம் மலர்ந்தது. மார்க் போடுகிறேன் என்று நினைத்தாராம். எனக்கோ இந்தக் குடும்பம் எதையும் மறைக்கவில்லையே என்று மரியாதை. வெள்ளிக்கிழமை காலை ஃபாரத்தைக் கொடுத்துவிட்டேன். பாயிண்டைக் கூட்டிய மேடம், "இவங்களுக்குக் கால் சலுகைகூட வராதே" என்றார். சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கமிட்டி.

4. ஆரஞ்சு

வெள்ளிக்கிழமை மத்தியானம் என் டிபன் பாக்ஸைத் திறந்தபோதுதான் பயம் வந்தது. விண்ணப்பித்தவர் வீட்டில் பிரியாணி சாப்பிட்டிருக்கிறேன். அது லஞ்சம் இல்லையா? யாராவது கேட்டால்? சலுகையே கிடைக்கப் போவதில்லை, அப்புறம் என்ன லஞ்சம் என்று ஒரு மனம் சொன்னது. சாப்பிட்டுவிட்டு வேலையும் செய்து கொடுக்கவில்லையே, அது இன்னும் கேவலம் இல்லையா என்று இன்னொரு மனம் சொன்னது.

கணக்கை நேர் செய்ய ஒரே வழி, பிரியாணிக்குச் சமமாகத் திருப்பிக் கொடுப்பது. சனிக்கிழமை விடிந்ததும் இரண்டு கிலோ ஆரஞ்சு வாங்கிக்கொண்டு பள்ளிக்கரணைக்குப் பஸ் ஏறினேன். இந்தத் தடவை போன் செய்யவில்லை.

கதவு திறந்திருந்தது. தப்பான வீடு என்று நினைத்து வெளியே வந்து நம்பரைப் பார்த்தேன். சரியான நம்பர்தான். உள்ளே சோபா இல்லை. டிவி இல்லை. ஃப்ரிட்ஜ் நின்ற இடத்தில் சிமென்ட் தரையில் சதுரமாகத் தண்ணீர் காய்ந்த தடம். நூர்ஜகான் கீழே உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், அதில் தார் ஒட்டுப் போட்ட ஓட்டை. அன்றைக்கு நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. ஃபேன் காற்றில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

"ஃப்ரிட்ஜு எங்கம்மா?"

அவர் பேசுவதற்குள் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்தார். கலா என்று பெயர்.

"இன்னா மேடம், மறுக்கா வந்துகினீங்க? ஃப்ரிட்ஜு எங்கூட்ல கீது. அத்த இட்டாந்து வெச்சி, திருப்பி தூக்கினு போனதுல எங்கூட்டுக்காரருக்கு இடுப்பு புட்ச்சிகிச்சி. பாலு வேற திரிஞ்சி பூட்ச்சி."

அவர் வீட்டுக்குள் பார்த்தேன். பிள்ளையார் அங்கிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சோபா?"

"அது எதிர்வூட்டு ரமேஷுது. டிவி தெருக்கோடி மாடி வூட்டுக்காரங்களுது. ஃபேனு ஒண்ணு என்னுது, ஒண்ணு மளிகைக் கடைக்காரருது."

"ஏம்மா இப்படிப் பண்ணீங்க?" என்று நூர்ஜகானைக் கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"காலேஜ்லேர்ந்து பெரியவங்க வர்றீங்க. உக்கார ஒரு சேர்கூட இல்லாம எப்படிக்கா கூப்பிடறது? நல்ல குடும்பம்னு தெரிஞ்சாதானே சீட்டு குடுப்பீங்க."

பர்வீன் வாசலில் நின்றாள். கையில் எக்ஸ்போர்ட் கம்பெனியின் விண்ணப்பம். "நான் அத்தாகிட்ட சொன்னேங்கா, வேணாம்னு. வந்தவங்க தரையில உக்காந்துட்டுப் போனா தெருவே சிரிக்கும்னாரு."

மணி எட்டரை. ஆரஞ்சுப் பையை வைத்துவிட்டு ஓடினேன். கலா அக்கா பின்னாலிருந்து கத்தினார்: "மேடம், குடை!"

5. பஸ்ஸில் எழுதியது

கொடுத்த ஃபாரத்தில் கை வைக்க முடியாது. என் தப்பை நானே கடிதமாக எழுதிக் கொடுத்தால் கமிட்டி படிக்கும், இருக்கிற ஒரே வழி அதுதான். வாழ்க்கையில் லீவ் லெட்டர் தவிர நான் எதுவும் எழுதியதில்லை. தாம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, நாலு பேனாவில் எழுதிய ஒன்றால் எழுதினேன். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் ஒரு எழுத்து எகிறி மேல் வரிக்குப் போனது. தாம்பரத்தில் வண்டலூர் பஸ் ஏறி மீதியை முடித்தேன். கல்லூரிக்குள் நுழைந்தபோது பதினொன்று ஐந்து.

கமிட்டி என்றால் மேடமும் கரஸ்பாண்டன்ட் சாரும்தான். அவரை எல்லோரும் கரஸ் என்போம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கடிதத்தைச் சத்தமாகப் படித்தார்.

"…மேற்படி வீட்டில் நான் பார்த்த சோபா அவர்களுடையது அல்ல. ஃப்ரிட்ஜ் அவர்களுடையது அல்ல. பிள்ளையாரும் அவர்களுடையவர் அல்ல. அவர்களுடையது பிரியாணி மட்டும். அதை நான் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன். கூட ஒரு முட்டை. ஈடாக இரண்டு கிலோ ஆரஞ்சு கொடுத்துவிட்டேன். என்னை வேலையை விட்டு எடுத்தாலும் அந்தப் பெண்ணுக்கு…" நிறுத்தினார். "இது என்ன எழுத்து?"

"அது மேடவாக்கம் பள்ளம் சார்."

மேடம் முகத்தை ஃபைலால் மறைத்துக்கொண்டார்.

"பிரியாணி எப்படி இருந்துச்சு?" என்றார் கரஸ்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு சார். அதான் பயமே."

அவர் டிராயரைத் திறந்து ஒரு புதுப் பச்சை ஃபாரத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார். "திருத்தக் கூடாதுன்னுதான் ரூல். புதுசா எழுதக் கூடாதுன்னு எங்கேயும் இல்ல. இங்கயே எழுதுங்க."

எழுதினேன். இல்லை, இல்லை, இல்லை. கூரை: ஷீட், ஒழுகும். கடைசியில் 'பிற சொத்துகள்' என்று ஒரு வரி. அதைக் காலியாக விட்டால் தப்பாகிவிடுமோ என்று பயம். யோசித்து, 'அக்கம்பக்கத்தார்' என்று எழுதப் போனேன். மேடம் என் கையைப் பிடித்தார்.

"எழுதாதீங்க வசந்தாக்கா. பாயிண்ட் குறைஞ்சிடும்."

பர்வீனுக்கு முழுச் சலுகை.

6. இனிமேல் விசிட் போகிறவர்களுக்கு

முதலில், போன் செய்யாதீர்கள். உட்கார்ந்ததும் தலையை நிமிர்த்திக் கூரையைப் பாருங்கள், அதை யாராலும் இரவல் தர முடியாது. ஒரு பொருளைப் பார்த்தால் 'உண்டா' என்று மட்டும் கேட்காதீர்கள், 'யாருடையது' என்றும் கேளுங்கள். எனக்கு அப்புறம் ஃபாரத்தில் அந்தக் கட்டத்தையும் சேர்த்துவிட்டார்கள். மறைக்கிறவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம், ஃப்ரிட்ஜே சொல்லிவிடும். இல்லாததைக் காட்டுகிறவர்கள் பொய் சொல்வதில்லை, உங்களை மதிக்கிறார்கள். அந்த மரியாதையை அவர்களுக்கு எதிராக டிக் அடித்துவிடாதீர்கள்.

போன வருஷம் நான் ரிட்டயர் ஆனேன். கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று வண்டலூரில் ஒரு ரூம் வாடகைக்கு எடுத்திருக்கிறேன். பர்வீன் இப்போது மேடவாக்கத்தில் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறாள். என் பிரஷர் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். "ஞாயித்துக்கிழமை மிஷின் எடுத்துட்டு வரேங்கா, நாலு மணிக்கு" என்று முதல் நாளே போன் செய்தாள்.

வந்தாள். உட்காரச் சொன்னேன். நான் காட்டிய, பச்சை குஷன் வைத்த நாற்காலியின் கையை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். ரூமைச் சுற்றிப் பார்த்தாள். என் கையில் பட்டையைச் சுற்றிக்கொண்டே, முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டாள்:

"எத்தன மணிக்குக்கா திருப்பித் தரணும்?"

"ஆறு மணிக்கு" என்றேன்.