கேள்வி எண் நாற்பத்தேழு

தந்தைக்குப் பின் தமையன் என்பது பழமொழி. அந்த வீட்டில் தமையனுக்குப் பின் தங்கை. அப்பா இருபத்தோராண்டு வைத்திருந்த தொகுதியில் அண்ணன் இருமுறை வென்றார். அவர் வேறு தொகுதிக்கு மாறிச் சுகாதார அமைச்சரானதும், பழைய தொகுதி ஐம்பத்திரண்டு வயதுத் தங்கையிடம் வந்து சேர்ந்தது. ஊரார் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'கையெழுத்தம்மா'. அண்ணன் காட்டிய இடத்தில் கையெழுத்திடுவதே அவர் வேலை என்பது அதன் பொருள்.

கணவரை இழந்த, பிள்ளைகளற்ற அவர், சட்டமன்ற உறுப்பினர் விடுதியின் நான்காம் மாடியில் தனியே இருந்தார். ஞாயிறுதோறும் காலை ஒன்பது மணிக்கு அண்ணன் தொலைபேசியில் அழைத்து, "சாப்டியா?" என்பார். அந்த வாரத்தில் கட்சி கலக்காத பேச்சு அது ஒன்றுதான்.

தொகுதி மருத்துவமனையில் பதினான்கு மாதங்களாக மருத்துவர் இல்லை. மருந்து கொடுப்பது, பிரசவம் பார்ப்பது, மாலையில் பூட்டுப் போடுவது எல்லாம் ஒரே செவிலியர்.

"உங்க அண்ணன் கையில இருக்கிற வேலைதானேம்மா? வீட்லயே கேட்டா ஆகாதா?" என்றார் செவிலியர்.

வீட்டில் ஐந்து முறை கேட்டாயிற்று. ஐந்து முறையும் பதில், "பாக்கலாம்." ஆகவே முதன்முறையாகத் தாமே ஒரு கேள்வி எழுதி, பேரவைச் செயலகத்தில் கொடுத்தார்.

கேள்வி பட்டியலில் ஏறியதும் அண்ணி அழைத்தார்.

"ஊரே சிரிக்கும்மா. தலைவலின்னு படுத்துக்கோ. நம்பரைக் கூப்பிடும்போது நீ இல்லேன்னா கேள்வி தானா செத்துடும்."

"நான் அவைக்குப் போனா?"

"அப்புறம் ஞாயித்துக்கிழமை போன் வரும்னு காத்திருக்காதே."

கேள்வி வரும் நாளன்று அரைமணி முன்னதாகவே இருக்கையில் இருந்தார். பேரவைத் தலைவர் அழைத்ததும் எழுந்து, "கேள்வி எண் நாற்பத்தேழு" என்றார்.

அமைச்சர் தாளைப் பார்த்துப் படித்தார்: "மாண்புமிகு உறுப்பினர் குறிப்பிடும் மருத்துவமனையில் மருத்துவர் நாள்தோறும் பணியாற்றி வருகிறார்."

துணைக்கேள்வியை நான்கு வரிகளில் முறையாக எழுதி வைத்திருந்தார். ஆனால் அண்ணன் தலைநிமிராமல் படித்த விதம், சிறுவயதில் அவரே உடைத்த கண்ணாடிக்குப் பூனைமேல் பழிபோட்ட அதே விதம். வாய் முந்திக்கொண்டது.

"பொய் சொல்லாதண்ணே!"

அவை சிரிப்பில் அதிர்ந்தது. "வீட்டுச் சண்டை சந்திக்கு வந்துருச்சுய்யா!" என்றது பின்வரிசை. "அச்சொற்கள் அவைக்குறிப்பிலிருந்து நீக்கப்படுகின்றன" என்றார் பேரவைத் தலைவர். அண்ணன் சிரிக்கவில்லை. "விசாரித்து நடவடிக்கை எடுக்கப்படும்" என்று மட்டும் கூறி அமர்ந்தார்.

பன்னிரண்டாம் நாள் செவிலியர் அழைத்தார். "டாக்டர் வந்துட்டாரும்மா! ஆனா வாசல்ல அமைச்சருக்கு நன்றின்னு பெரிய பலகை வெச்சிருக்காங்க. உங்க பேரு தேடினாலும் இல்ல."

"டாக்டர் உக்காந்திருக்காரா?"

"உக்காந்திருக்காரு. கூட்டம் கேட் வரைக்கும் நிக்குது."

"அது போதும்."

அழைப்பில்லாமல் இரண்டு ஞாயிறுகள் கடந்தன. மூன்றாம் ஞாயிறு காலை, பிழை பார்ப்பதற்காகச் செயலகம் அனுப்பிய அவைக்குறிப்பின் அச்சுப்படியுடன் தொலைபேசியருகே அமர்ந்தார். அவர் பெயருக்கு நேரே கேள்வி எண் இருந்தது. அமைச்சரின் பதிலுக்குப் பிறகு மீண்டும் அவர் பெயர். அதற்கு நேரே, நீக்கிய சொற்களுக்குப் பதிலாக, ஒரு வரிப் புள்ளிகள். திருத்தம் எழுத ஓரத்தில் இடம் விட்டிருந்தார்கள்.

மணி ஒன்பதரை ஆயிற்று. ஓரத்தில் 'திருத்தம் இல்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார்.