சொல்லாத வீட்டு வாக்குகள்

நெல் படிக்கத்தான் என்னைப் பிலிப்பைன்சுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்த நான் ஒன்றும் படிக்கவில்லை என்பதை என் வயல் அந்தப் போகத்திலேயே ஊருக்குச் சொல்லிவிட்டது. ஆனால் தேர்தலைப் பற்றி என்னிடம் கேட்டிருக்க வேண்டும்! கேட்காமலே சொன்னேன். கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் சொன்னேன், நெல் அரிவு வெட்டும் இடத்தில் சொன்னேன், முடி வெட்டுபவர் கத்தரிக்கோலை நிறுத்தும்வரை சொன்னேன்.

அறுபதுகளில் இளம் விவசாயிகளை நாடுவிட்டு நாடு அனுப்பிப் பழக்கும் திட்டம் ஒன்று இருந்தது. வன்னியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாயும் எங்கள் குடியேற்றத்திலிருந்து எப்படியோ என் பெயர் அதில் விழுந்துவிட்டது. மணிலாவுக்கு அப்பால் நெல் விளையும் ஓர் ஊரில், வயல் வைத்திருந்த ஒரு கமக்காரர் வீட்டில் தங்கினேன். நான் போன நேரம் அங்கே ஊர்த் தேர்தல். அம்மாடி, அது தேர்தலா திருவிழாவா! வேட்பாளர் மேடையில் ஏறினால் முதலில் பாடுகிறார், பிறகு ஆடுகிறார், பேச்சு கடைசியில்தான். வாக்குச் சீட்டில் சின்னமும் இல்லை, அதற்கு எதிரே கீறும் புள்ளடியும் இல்லை. பிடித்தவரின் பெயரை வாக்காளர் தன் கையாலேயே எழுத வேண்டும். ஒரு பதவிக்கு ஒரு கட்சிக்காரரையும் அடுத்த பதவிக்கு எதிர்க்கட்சிக்காரரையும் எழுதலாம். ஜனாதிபதி ஒரு கட்சி, துணை ஜனாதிபதி மற்றக் கட்சி என்றுகூட அந்த நாட்டில் வந்திருக்கிறார்கள். பெரிய கட்சிகள் இரண்டு. போன முறை இதில் நின்றவர் இந்த முறை அதில் நிற்பார். ஒருவரும் முகம் சுளிப்பதில்லை.

"நீங்கள் எந்தக் கட்சி?" என்று வீட்டுக்கார அம்மாவிடம் எனக்குத் தெரிந்த இங்கிலீசில் கேட்டேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். மேயருக்கு நிற்பவர் அவருடைய மூத்த மகனுக்கு ஞானத்தகப்பன். எதிர்க்கட்சியில் கவர்னருக்கு நிற்பவர் அவருடைய கலியாணத்துக்குச் சாட்சி நின்றவர். இரண்டு பேரும் வீடு தேடி வந்து கேட்டுவிட்டார்கள். இதில் கட்சி எங்கே வந்தது என்று அவர் திருப்பிக் கேட்டார்.

இந்தக் கதையை ஊரில் காது கொடுத்துக் கேட்டவர் ஒருவர்தான். என் தங்கச்சியின் புருஷன், என் மச்சான். அவருக்கு ஒரு காரணம் இருந்தது. அவர்கள் இருந்தது மூன்றாம் வாய்க்கால் ஒழுங்கையில், ஒரு குறுகிய சந்தில். அங்கே அவர்கள் வீட்டைத் தவிரப் பதினொரு வீடு, எல்லாம் எங்கள் சொந்தக்காரர். யாழ்ப்பாணத்திலிருந்து ஒன்றாகக் காணி பெற்று வந்தவர்கள். ஒழுங்கைக்கும் பெருந்தெருவுக்கும் நடுவில் வயல் தண்ணீர் வடியும் கழிவு வாய்க்கால். கோடையில் செருப்பு நனையாது. மாரியில் இடுப்பளவு தண்ணீர் இழுத்துக்கொண்டு ஓடும். இரண்டு மாரிக்கு முன் தங்கச்சிக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டபோது, அவளை ஒரு நாலுகால் கதிரையில் இருத்தி நாலு பேர் தூக்கிக்கொண்டு அந்தத் தண்ணீரைக் கடந்தோம். நடுவில் ஒருவருக்குக் கால் சறுக்கியது. தாயும் பிள்ளையும் தப்பியது பிள்ளையார் புண்ணியம். இப்போது அவள் மறுபடியும் பிள்ளைத்தாச்சி.

"இந்த வாய்க்காலுக்கு ஒரு பாலம் வேணும் மச்சான். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனன். நானே கிராமசபைக்கு நிக்கப்போறன்" என்றார்.

நின்றார். சின்னம் கொடுத்தபோது அவருக்கு விழுந்தது கதிரை! எதிரே நின்றவர் சங்கக்கடை மனேச்சர், குடைச் சின்னம். நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு கட்சி நின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து ஒலிபெருக்கி கட்டிய கார் வந்தது. பாராளுமன்றத்தில் பேச வேண்டியதையெல்லாம் எங்கள் வட்டாரத்துப் புளியமரத்தடியில் பேசிவிட்டுப் போனார்கள். எங்களிடம் காரும் இல்லை, கட்சியும் இல்லை.

"பிலிப்பைன்ஸ் முறையிலை செய்வம்" என்றேன். வாழ்நாளில் முதல் தடவையாக என்னிடம் ஊருக்கு உதவும் ஒரு அறிவு இருந்தது!

மேளம் பிடித்தோம். தங்கச்சியை ஏற்றிய அதே கதிரையை உழவு மெசின் இழுக்கும் பெட்டியில் வைத்து மாலை போட்டோம். மச்சானுக்குப் பாட்டு வராது, ஆட்டம் அதைவிட வராது. அதனால் நானே பாடினேன், நாய்கள் மறுபாட்டுப் பாடின. வெற்றிலைத் தட்டம், சந்தனம், குங்குமத்தோடு முதலாம் வாய்க்கால், இரண்டாம் வாய்க்கால் என்று வீடு வீடாகப் போனோம். பொம்பிளைகள் வேலிப் படலைக்கு ஓடி வந்து சிரித்தார்கள். "மாப்பிள்ளை ஊர்வலமோ?" என்று கேட்டு வெற்றிலை எடுத்தார்கள். வெற்றிலை எடுத்தால் வாக்குத் தந்த மாதிரித்தான். இதைவிடச் சந்தோஷமாக நான் ஒரு கிழமையைக் கழித்ததில்லை.

வாக்களிப்பு பள்ளிக்கூடத்தில் நடந்தது. மத்தியானம்வரை நான் படலைக்கு வெளியே பூனைபோல நடந்தேன். முதலாம் வாய்க்கால் வந்தது. இரண்டாம் வாய்க்கால் வந்தது. குடைக்காரரும் அணியணியாக வந்தார்கள். மூன்றாம் வாய்க்காலில் மச்சானையும் தங்கச்சியையும் தவிர ஒரு குருவிகூட வரவில்லை.

சைக்கிளை எடுத்துப் பறந்தேன். கழிவு வாய்க்காலில் முழங்காலளவு தண்ணீர். சைக்கிளைத் தோளில் போட்டுக் கடந்து போனால், பெரியம்மா முற்றத்தில் சாவகாசமாக மிளகாய் பொறுக்கிக்கொண்டிருக்கிறா.

"பெரியம்மா, வோட்டுப் போட வரேல்லையோ?"

"எங்களுக்கு ஆர் சொன்னது தம்பி?"

"சொல்லவேணுமோ? உங்கடை மருமகனல்லோ நிக்கிறார்!"

"மேளத்தோடை, தட்டத்தோடை ஊரெல்லாம் சொன்னனீங்கள். ஒழுங்கை முகப்பிலை மேளம் கேட்டது. நாங்கள் சீலை மாத்திக்கொண்டு நிண்டனாங்கள். நீங்கள் அப்பிடியே திரும்பிப் போட்டியள். சொல்லாத வீட்டு நன்மைக்கு நாங்கள் போறேல்லை."

நல்லதுக்கு வீடு வந்து அழைப்புச் சொன்னால்தான் போவார்கள், கெட்டதுக்குச் சொல்லாமலே போவார்கள். வன்னிக்கு வந்தும் எங்கள் சனம் விடாத வழக்கம் இது. சும்மா சைக்கிளில் வந்து வாக்குக் கேட்டிருந்தால் அது வெறும் தேர்தலாக இருந்திருக்கும். மேளத்தையும் தட்டத்தையும் கொண்டுவந்து அதைக் கலியாணம் ஆக்கியவன் நான். எங்கள் ஆட்கள்தானே, எங்கே போகப் போகிறார்கள் என்று பதினொரு வீட்டையும் விட்டவனும் நான். அந்தப் பிலிப்பைன்ஸ் அம்மா வீட்டில் ஆறு மாதம் சோறு தின்றும், வீடு தேடி வந்து கேட்டார்கள் என்று அவர் சொன்னது என் மண்டையில் ஏறவில்லை. வெட்கத்தில் அழுகை வந்தது.

"இப்ப சொல்லுறன் பெரியம்மா" என்றேன்.

"நீ ஆர் சொல்ல? வீட்டுக்காரர் வந்து சொல்லவேணும்."

மச்சான் பள்ளிக்கூடத்தில். கடிகாரம் இரண்டைத் தாண்டிவிட்டது, நாலுக்குச் சாவடி பூட்டும். தங்கச்சி வீட்டுக்கு ஓடினேன். காலையில் வாக்களித்த களைப்பில் அவள் பாயில் சரிந்திருந்தாள். விஷயத்தைச் சொல்லி முடிக்கும்முன் எழுந்துவிட்டாள்.

"தட்டத்தை எடுங்கோ அண்ணை. பாலம் எனக்கல்லோ வேணும்!"

நிறைமாதத்து வயிற்றோடு அவள் சேற்றில் முன்னே நடந்தாள். நான் பின்னால் ஒரு கையில் தட்டமும் மறு கையில் குடையுமாக ஓடினேன். எதிராளியின் சின்னம் யார் கண்ணிலாவது பட்டுவிடப்போகிறது என்று பாதியில் நினைவு வந்து குடையை வேலியில் எறிந்தேன். அவள் ஒவ்வொரு முற்றத்திலும் நின்று, "கோவியாதேங்கோ, கட்டாயம் வாங்கோ" என்றாள். பெரியம்மா மிளகாய்ச் சுளகைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து அவளைப் பிடித்துக்கொண்டா.

"உன்னை ஆர் பிள்ளை நடக்கச் சொன்னது? போய்ப் படு. நாங்கள் வாறம்."

வந்தார்கள், ஆனால் எப்படி! சொல்லிவிட்டோம் அல்லவா, இனி உடுத்தாமல் வருவார்களா? பட்டுச்சீலை பெட்டியிலிருந்து வெளியே வந்தது. சித்தப்பாமார் சால்வை தேடினார்கள். நேரம் போகிறதே என்று நான் முற்றத்தில் நின்று குதித்தேன். வாகனத்தில் வாக்காளரை ஏற்றுவது குற்றம், நடக்கத்தான் வேண்டும். சீலையை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொண்டு, ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, பதினொரு வீடும் கழிவு வாய்க்காலைக் கடந்தது. பள்ளிக்கூடப் படலைக்குள் கடைசி ஆள் கால் வைத்தபோது நாலுக்கு மூன்று நிமிடம்!

ஏழு வாக்கால் வென்றோம். நான் கத்திய கத்தலில் மூன்று நாள் தொண்டை இல்லை.

ஆனால் பிள்ளை பாலத்துக்குக் காத்திருக்கவில்லை. அடுத்த கிழமை, அடைமழை பெய்த ஒரு முற்பகலில் தங்கச்சிக்கு நோ கண்டது. மாலை வாடியிருந்த அந்தக் கதிரையை மறுபடி எடுத்தோம். மச்சான், நான், ஒரு சித்தப்பா. நாலாவது காலுக்கு ஆள் பார்த்தபோது, அக்கரையிலிருந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் தண்ணீருக்குள் இறங்கினார். சங்கக்கடை மனேச்சர். மழையில் யாரோ கூப்பிட்டது கேட்டுக் கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார்.

மச்சானுக்கு முகம் கறுத்துப்போனது. "மனேச்சர், உங்களுக்கு நாங்கள் சொல்லேல்லையே..." என்று இழுத்தார்.

"இதுக்கும் தட்டத்தோடை வந்து சொல்லவேணுமோ? பிடி, தூக்கு!"

இந்த முறை ஒருவருக்கும் கால் சறுக்கவில்லை. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பின்னேரம் பெண் பிள்ளை பிறந்தது. பாலம் அடுத்த கோடையில்தான் வந்தது. ஆனால் முப்பத்தோராம் நாள் தீட்டுக் கழிந்த பிறகு, பிள்ளைக்குப் பெயர் வைக்கும் சடங்குக்குச் சொல்ல, மச்சானும் தங்கச்சியும் வெற்றிலைத் தட்டத்தோடு படலையைத் திறந்து புறப்பட்டபோது, முதலில் போன வீடு மனேச்சர் வீடு.