பிரேமுக்குள் அடங்காத மரண அறிவித்தல்கள்

இணையப் பக்கத்தின் நடுவே இன்னொரு பக்கத்தைப் பதித்துக் காட்டும் பிரேமுக்குச் சரியான உயரம் கொடுப்பது எத்தகைய வேலை என்பதை, அதனோடு மல்லுக்கட்டியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. தொண்ணூறுகளின் இறுதியில், புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த அஜின்கோர்ட்டில் தவம் அண்ணை நடத்திய தமிழ் வாரப் பத்திரிகையின் இணையப் பக்கத்தை அமைக்கும் பொறுப்பு என்னுடையது. பக்கத்தைப் பெரும்பாலோர் திறந்ததே மரண அறிவித்தல்களுக்காக. வாசகரிடமிருந்து மூன்று முறைப்பாடுகள் வந்தால் இணையமும் இல்லை, எனக்கு வேலையும் இல்லை என்று அண்ணை முதல் நாளே சொல்லிவிட்டார்.

காணாமற்போன மருமகன்

முதல் அறிவித்தலுக்குத் திரையில் நானூறு புள்ளி உயரம் போதும் என்று தீர்மானித்தேன். ஒழுங்காகத் தோன்ற வேண்டும் என்பதற்காக, பக்கத்தை மேலும் கீழும் உருட்டும் ஸ்க்ரோல் பாரையும் நீக்கினேன். உறவினர் பட்டியலில் மனைவி, மக்கள், இரண்டு மருமக்கள் வரை தெரிந்தார்கள். எஞ்சியோர் பிரேமின் அடிக்கோட்டுக்குக் கீழே மறைந்து போனார்கள். முதல் முறைப்பாடாக, இறந்தவரின் மனைவி தொலைபேசியில் அழைத்தார்.

"பிள்ளை, என்ரை மூன்றாவது மருமகன் கோவிச்சுக்கொண்டு நிக்கிறார், செத்தவீட்டுக்கும் வரமாட்டாராம், அவரைக் கெதியா வெளியில எடுத்துவிடும்!"

வெள்ளை வெளி

ஸ்க்ரோல் பாரைத் திரும்ப வைத்திருக்கலாம். ஆனால் ஒருவரின் மரணச் செய்தியைச் சிறு கட்டத்துக்குள் உருட்டி உருட்டி வாசிப்பது மரியாதையாகப் படவில்லை. ஆகவே பிரேமை இரண்டாயிரம் புள்ளிக்கு நீட்டினேன். அடுத்து வந்ததோ, திருமணமாகாத ஒருவருக்கு நண்பர்கள் கொடுத்த நாலு வரி அறிவித்தல். அதன் கீழே திரை முழுவதும் வெறுமை. தவம் அண்ணை எனக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"தங்கச்சி, உந்த வெள்ளைக்குள்ள ஒரு பலசரக்குக் கடையே போடலாம், வாடகைக்கு விடுவமே?"

படம் வரும் முன்னே

பின்னர், உள்ளே இருக்கும் பக்கத்தின் உயரத்தை அளந்து பிரேமை அதே அளவுக்கு மாற்றும் கட்டளைகளை எழுதினேன். அலுவலகத்தில் அவை பிசகின்றி இயங்கின. பார்க்டேலில் ஒரு வாசகரின் வீட்டிலோ, தொலைபேசி இணைப்பின் வேகத்தில் இறந்தவரின் படம் ஊர்ந்து வந்தது. அது வந்துசேரும் முன்பே என் கட்டளை அளந்து முடித்துவிட்டது. பின்னர் வந்த படம், தகனம் நடக்கும் இடத்தையும் நேரத்தையும் பார்வைக்கு அப்பால் தள்ளிவிட்டது. கிரியை மறுநாட் காலை. இரண்டாவது முறைப்பாடாக அந்த வாசகருடைய அழைப்பு வந்தது.

"தங்கச்சி, ஆள் செத்தது விளங்குது, எங்க எரிக்கினம் எண்டதுதான் விளங்கேல்லை."

மூன்றாவது அழைப்பு

இடத்தையும் நேரத்தையும் அவருக்கு உடனே வாசித்துக் காட்டினேன். படம் உட்பட எல்லாம் வந்துசேர்ந்த பின்னரே அளக்குமாறு கட்டளையை அந்த மணித்தியாலத்துக்குள் திருத்தினேன். அதன்பின் வந்த எந்த அறிவித்தலிலும் ஒரு வரிகூட வெட்டுப்படவில்லை. சில கிழமைகள் கழிந்தன. தாயை இழந்த ஒரு பெண் டோர்செட் பார்க்கிலிருந்து அழைத்தபோது, மூன்றாவது முறைப்பாடு வந்துவிட்டதென்றே எண்ணினேன்.

"அக்கா, எல்லாம் வடிவாத் தெரியுது; அதுதான் பிரச்சினை, பேப்பரில இடமில்லையெண்டு விட்ட சொந்தக்காரர் இன்னும் இருபத்தெட்டுப் பேர் போன் எடுத்திட்டினம், அவையின்ரை பேரையும் போடவேணும், எழுதிக்கொள்ளுங்கோ!"

பிரேமை உள்ளடக்கத்தின் அளவுக்கு நீட்டப் பத்து வரிக் கட்டளை போதுமாயிருந்தது. உள்ளடக்கத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று துக்க வீட்டாரிடம் சொல்லும் துணிவுதான் எனக்கு இன்றுவரை வாய்க்கவில்லை.