பாலம் திறப்பேன் என்றவருக்கு ஒரு ஓட்டு

எவுதோரோவுக்கு வாரம் முழுக்கச் செருப்புப் பட்டறை வேலை. சனி ஞாயிறு வந்தால் எங்கள் பேண்டில் டிராம்போன். கல்யாணம், ஞானஸ்நானம், காளை விளையாட்டு, கட்சி ஊர்வலம் என்று எது கூப்பிட்டாலும் போவோம். நான் கிளாரினெட். பெரிய டிரம் அடிப்பவன் அர்ஹெனிஸ். அவனுக்கு வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம், வெனிசுலாவில், சான் அந்தோனியோவில். நாங்கள் இந்தப் பக்கம், கொலம்பியாவில், பாலத்தடி லா பராதாவில் இருக்கிறோம். நடந்தால் ஒரு சிகரெட் முடிவதற்குள் அவன் வீடு வந்துவிடும்.

இரண்டு அரசாங்கங்களும் பேச்சை முறித்துக்கொண்டதிலிருந்து பாலத்தில் ஆட்கள் மட்டும் நடந்து போகலாம், சரக்குப் போகக் கூடாது என்று வைத்திருந்தார்கள். டிரம் ஆளா சரக்கா என்று காவலர்களுக்குள்ளேயே ஒரு நாள் விவாதம் நடந்தது. சரக்குதான் என்று முடிவானது. அன்று முதல் அர்ஹெனிஸ் டிரம்மைத் தலையில் வைத்துக்கொண்டு பாலத்துக்குக் கீழே, புதருக்குள் இருக்கும் திருட்டுப் பாதையில் ஆற்றைக் கடந்து வருவான்.

அந்த ஏப்ரலில் நல்ல மழை. முனிசிபாலிட்டி குமாஸ்தா மகள் கல்யாணத்தன்று ஆற்றில் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஓடியது. அர்ஹெனிஸ் கால் வழுக்கி விழுந்தான். டிரம் தனியாகப் பயணம் புறப்பட்டுவிட்டது. கீழே துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் அதைப் பிடித்துக் கரையேற்றினார்கள். தோல் நனைந்த டிரம்மோடு அவன் கோயில் வாசலுக்கு ஓடி வந்தான். மணப்பெண் படியிறங்குகிறாள். எவுதோரோ சைகை காட்ட, அர்ஹெனிஸ் ஓங்கி அடித்தான். வயிற்றுவலி வந்த மாடு மாதிரி ஒரு சத்தம். பாதிரியார் முதற்கொண்டு அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். மணப்பெண் மட்டும் சிரிக்கவில்லை.

எவுதோரோவும் சிரிக்கவில்லை. அர்ஹெனிஸின் முழங்கையில் சிராய்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அது எங்கள் கொலம்பியாவில் ஜனாதிபதித் தேர்தல் சமயம். பட்டறையில் காலையிலிருந்து மாலைவரை ரேடியோ கத்தும். எங்கள் ஊர் முழுக்க ஒரு வேட்பாளர் பக்கம். எவுதோரோவும் அவர் பக்கம்தான் இருந்தான். வரி, வேலை, போலீஸ் எல்லாவற்றிலும் அவர் சொன்னதுதான் அவனுக்கும் சரியாகப் பட்டது. ஆனால் பாலத்தைப் பற்றிக் கேட்டால் அவர், "அந்த அரசாங்கம் போற வரைக்கும் அவங்களோட பேச்சே கிடையாது" என்பார். எதிர் வேட்பாளரோ, "நான் வந்ததும் தூதரகத்தைத் திறப்பேன், எல்லையைத் திறப்பேன்" என்றார். அவர் சொன்ன மற்ற எதுவும் எவுதோரோவுக்குப் பிடிக்கவில்லை. அவர் குரலே பிடிக்கவில்லை.

ஒரு வாரம் அவன் பட்டறையில் இதையே யோசித்தபடி செருப்பு அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் வீட்டில் குடல் சூப். நானும் அர்ஹெனிஸும் இருந்தோம். அவன் மனைவி ஓமாயிராவின் தம்பி ஹசிந்தோவும் இருந்தான். எங்கள் பேட்டையில் ஊர் ஆதரித்த அந்த வேட்பாளருக்குக் கொடி கட்டி, கூட்டம் சேர்க்கிறவன் அவன்தான்.

எவுதோரோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான். "நான் இந்தத் தடவ எதிர்க்கட்சி ஆளுக்குத்தான் போடப்போறேன்."

ஹசிந்தோவுக்குப் புரையேறிவிட்டது. "மச்சான், வெயில்ல எங்கயாச்சும் நின்னீங்களா?"

"அவன் பாலத்தத் தொறக்கறேங்கறான்."

"ஒரு பாலத்துக்காகவா? நாடு முழுக்க இருக்குது, மச்சான். அந்தப் பக்கத்துத் திருடனுங்களோட கைகுலுக்கச் சொல்றீங்களா? அவனுங்களுக்குப் பயந்து எத்தன பேரு இங்க ஓடி வந்து நம்ம வாசல்ல படுத்துக் கெடந்தாங்க, மறந்துபோச்சா?"

"மறக்கல. நம்ம பேச்ச நிறுத்துனதால அவனுங்க போயிட்டானுங்களா? நல்லா சாப்ட்டுத் தூங்கறானுங்க. தண்ணியில விழுறது இவன்தான்."

"சரி, அவனையே கேளுங்க!" என்று ஹசிந்தோ அர்ஹெனிஸ் பக்கம் திரும்பினான். "ஏம்ப்பா, உங்க அரசாங்கத்தோட நாங்க கைகுலுக்கலாமா?"

அர்ஹெனிஸ் சூப்பில் இருந்த சோளத்தைப் பொறுக்கியபடி யோசித்தான். "எனக்குப் பிடிக்கலண்ணே. என் தம்பி அவங்களாலதான் பெரு நாட்டுக்குப் போனான். அவங்க மூஞ்சியப் பாத்தா காறித் துப்பத் தோணுது." ஹசிந்தோ வெற்றியோடு கைதட்டினான். "ஆனா டிரம்மத் தலையில வச்சிட்டு ஆத்துல நடக்கறதும் பிடிக்கலண்ணே," என்று அவன் முடித்தான்.

ஓமாயிரா சிரித்துக்கொண்டே நாலு பேர் தட்டிலும் இன்னொரு கரண்டி ஊற்றினாள். "எனக்கு யாரு வந்தா என்ன, சட்டிய காலி பண்ணுங்க."

அடுத்த வாரம் ஹசிந்தோ எங்கள் பேண்டையே தன் ஊர்வலத்துக்குக் கூப்பிட்டான். வேண்டுமென்றுதான் கூப்பிட்டான். தொழில் தொழில்தானே, போனோம். சதுக்கத்தில் கூட்டம் நிறைந்ததும் ஹசிந்தோ மைக்கைப் பிடித்தான். "நம்ம ஊரு கலைஞர், என் சொந்த மச்சான், எவுதோரோவும் நம்ம பக்கம்தான்!"

எவுதோரோ டிராம்போனை என் கையில் கொடுத்துவிட்டு மேடை ஏறினான். அவனுக்கு மேடையில் பேசி வழக்கமில்லை. காது இரண்டும் சிவந்துவிட்டன. "மச்சினன் தப்பா சொல்லிட்டான். உங்க ஆளு நல்ல ஆளுதான். ஆனா அவரு பக்கத்து வீட்டுக்காரனோட பேச மாட்டேங்கறாரு. நமக்குப் பக்கத்து வீடு அதுதானே? அதனால என் ஓட்டு மத்தவருக்கு. இப்ப அடுத்த பாட்டு வாசிக்கறோம்."

ஒரே விசில். யாரோ ஆரஞ்சுத் தோலை எறிந்தார்கள். பின்னால் இருந்து ஒரு கிழவர், "வாய்யா வெளியுறவு மந்திரி!" என்று கத்த, கோபம் சிரிப்பாக மாறியது. அந்தப் பெயர் அவனுக்கு நிலைத்துவிட்டது. நாங்கள் வாசித்தோம், திட்டியவர்களே ஆடினார்கள்.

ஓட்டுப் பதிவு அன்று மழை தூறியது. எண்ணும்போது எங்கள் பள்ளிக்கூடத்து வாக்குச்சாவடியில் எதிர் வேட்பாளருக்கு விழுந்தது கொஞ்சம்தான். "ஒண்ணு மந்திரியோடது, மிச்சம் யாருது?" என்று ஆளாளுக்குக் கிண்டல் பண்ணினார்கள். சாயங்காலம் நாடு முழுக்க எண்ணி முடித்தபோது அவர்தான் ஜெயித்திருந்தார். தேர்தலுக்காக சாராயக்கடை மூடியிருந்ததால் எவுதோரோ கொண்டாட்டமாக எலுமிச்சை போட்ட கரும்புச்சாறு குடித்தான். ஹசிந்தோ ஒரு மாதம் பேசவில்லை. அக்காள் வீட்டுக்கு வந்தால் சாப்பிட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்து நன்றி சொல்லிவிட்டுப் போவான்.

செப்டம்பரில் எல்லை திறந்தது. முதல் லாரிகள் ஹாரன் அடித்தபடி போயின. எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. முத்திரைக்கு ஒரு வரிசை, முத்திரை சரியா என்று பார்க்க இன்னொரு வரிசை. லாரி நின்றுபோன டிரைவர்கள் நேராகப் பட்டறைக்கு வந்து எவுதோரோவைத் திட்டினார்கள். "யோவ் மந்திரி, தக்காளி அழுகுதுய்யா!" அவனும் பசைக் கையோடு எழுந்து போய்ச் சுங்க அதிகாரியிடம் அவர்களுக்காக வாதாடுவான். பாதி தடவை அதிகாரி அவனையும் சேர்த்துத் திட்டி அனுப்புவார்.

டிசம்பரில் அர்ஹெனிஸின் அக்காள் மகளுக்கு சான் அந்தோனியோவில் கல்யாணம். பேண்ட் முழுவதும் ஒரே பஸ்ஸில் ஏறினோம். பஸ் கிளம்பும் நேரத்தில் ஹசிந்தோ இஸ்திரி போட்ட சட்டையோடு ஓடி வந்து ஏறினான்.

"என்னப்பா, அந்தத் திருடனுங்க ஊருக்கா வர்ற?" என்றான் எவுதோரோ.

"நான் கல்யாணத்துக்கு வர்றேன், மச்சான். உங்க ஆளு வரியக் கூட்டிட்டான், தெரியுமில்ல? அதுக்கு என்ன சொல்றீங்க?"

"அது தப்புதான்."

"அடுத்தது, பெட்ரோல்?"

"அதுவும் தப்புதான். தள்ளி உக்காரு, டிராம்போன நசுக்கற."

பஸ் பாலத்தைத் தாண்டும்வரை ஹசிந்தோ அடுக்கிக்கொண்டே வந்தான். எவுதோரோ ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தான்.