வெட்டுவாய் காயும் வரை

வீட்டைக் காலி செய்யச் சொன்னபோது சாமான்களைப் பற்றி எனக்குக் கவலை வரவில்லை. எங்களிடம் இருந்ததெல்லாம் ஒரு லோடு ஆட்டோவில் அடங்கிவிடும். வீட்டுக்குப் பின்னால் மதிலை ஒட்டி நின்ற கள்ளியை என்ன செய்வது என்பதுதான் என் கவலை.

அது தூண் மாதிரி நேராக வளரும் கள்ளி. மேலிருந்து கீழ்வரை வரிவரியாக விலா, ஒவ்வொரு விலாவிலும் கொத்துக்கொத்தாக முள். பொட்டிபுரம் பக்கம் கரட்டுக் குன்றில் நிற்கும் சதுரக்கள்ளி போல இதற்குப் பால் வடியாது. போடி பஸ் நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் செடி விற்றவரிடம் கட்டைவிரல் உயரத்தில் வாங்கி வந்தேன். அது மதிலைத் தாண்டி வளர்ந்து, தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும் அளவுக்கு வந்திருந்தது.

போடிமெட்டுக்கு மேலே உள்ள ஏலத்தோட்டங்களில் இருபது வருடத்துக்கு மேலாக வேலை செய்கிறேன். காலையில் ஜீப்பில் ஏறினால் பொழுது சாயத்தான் இறங்குவது. அங்கே நான் நட்ட செடிகளுக்குக் கணக்கே இல்லை. என் நடவு பட்டுப்போகாது என்று கங்காணியே சொல்வார். ஆனால் அதில் ஒன்றுகூட என்னுடையது கிடையாது. எனக்கென்று நான் வளர்த்த ஒரே செடி இந்தக் கள்ளிதான். யாரிடமும் இதை நான் சொன்னதில்லை. எனக்கு அவ்வளவாகப் பேச வராது.

என் வீட்டுக்காரர் கடைவீதியில் ஏலக்காய் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். புது வீட்டைப் பார்த்து முன்பணம் கொடுத்துவிட்டு வந்த அன்றே சொல்லிவிட்டார்.

"புது வீட்டுக்கு யாராச்சும் முள்ளக் கொண்டு போவாகளா? வெட்டித் தெருவுல போட்டுட்டு, ஆக வேண்டிய சோலியப் பாரு."

நான் பேசாமல் இருந்தால் சம்மதம் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். மறுநாள் நான் பக்கத்து வீட்டில் ரம்பம் இரவல் வாங்கி வைத்ததைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விஷயம் புரிந்தது.

வேரோடு தோண்ட வழியில்லை. வேர் மதிலுக்கு அடியில் ஓடியிருந்தது. அடிப்பகுதி முற்றி மரமாகிவிட்டது. அதனால் முழங்கால் உயரத்துக்குக் கட்டையை விட்டுவிட்டு, மேலே பச்சையாக இருந்ததை மூன்று துண்டாக அறுப்பது என்று முடிவு செய்தேன். கோணிப்பையைச் சுற்றிக் கயிறு போட்டு அவரைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். முள் கோணியைத் துளைத்துக்கொண்டு அவர் உள்ளங்கையில் ஏறியது.

"நீ வாயே தெறக்க மாட்ட. ஒனக்குஞ் சேத்து இது பேசுது பாரு!" என்று கையை உதறினார். ஆனால் விடவில்லை, கடைசித் துண்டு வரைக்கும் பிடித்தார்.

உள்ளே வெள்ளரிக்காயைப் போல வெளிறிய சதை, நடுவில் ஒரு வளையம். வெட்டிய இடமெல்லாம் ஈரம். மூன்று துண்டையும் ஒரு பழைய சேலையில் உருட்டி ஆட்டோவில் ஏற்றினோம்.

புது வீடு மாடியில் இருந்தது. வாசலுக்கு எதிரே கொஞ்சம் மொட்டைமாடி. அங்கே பெயிண்ட் வாளிகளில் துண்டுகளை அன்று சாயங்காலமே நட்டேன். ஏலத்தை நான் எப்படி நடுவேனோ அப்படியே. தூரிலிருந்து ஏலத் தட்டையைப் பிரித்தால் அன்றைக்கே குழியில் வைத்துவிட வேண்டும், ஒரு பொழுது காயவிட்டால் போச்சு. மண் கருப்பாக, மெத்தென்று இருக்க வேண்டும். அடியில் சருகு போட்டு மூட வேண்டும். வெயில் படக் கூடாது. இதெல்லாம் எனக்கு யோசிக்காமலே வரும். மலையிலிருந்து சோற்றுப் பையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்த இலைமக்கு மண்ணைத்தான் வாளிகளில் நிரப்பினேன். சருகு போட்டேன். மேலே சேலையைக் கட்டி நிழல் செய்தேன். ஜீப்புக்குப் போகுமுன் ஒரு தண்ணீர், வந்ததும் ஒரு தண்ணீர்.

நடு வாளியில் இருந்த துண்டுதான் முதலில் சாய்ந்தது. தண்ணீர் போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். ஒருநாள் நிமிர்த்தி வைக்கலாம் என்று துணி சுற்றித் தூக்கினேன். மேல்பாதி மட்டும் கையோடு வந்தது. அடிப்பாதி வாளியிலேயே கூழாகக் கிடந்தது. அழுகிய முட்டைக்கோஸ் நாற்றம். உள்ளே நுனிவரை பழுப்பாகிவிட்டிருந்தது. அந்த வாரமே இரண்டாவதும் அப்படியே போனது.

கீழ் வீட்டில் நாற்றம் என்று ஆள் அனுப்பிவிட்டார்கள். அழுகியதை வாளியோடு குப்பை வண்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

"தோட்டத்துல ஒன்னையக் கேட்டுத்தேன் நடுறாகன்னு பேரு. வீட்டுல ஒரு கள்ளியப் பொழைக்க வைக்க முடியல," என்றார் அவர். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

மூன்றாவது துண்டைப் பிடுங்கிப் பார்த்தேன். அடியில் பழுப்பு ஏறியிருந்தது. ரம்பத்தை மறுபடியும் இரவல் வாங்கி வந்து, பழுப்புக்கு மேலே ஒரு கை அகலம் விட்டு அறுத்தேன். உள்ளே வளையத்தில் பழுப்பு. இன்னும் மேலே அறுத்தேன். வளையத்தில் ஒரு பொட்டு மாதிரி பழுப்பு. ரம்பத்தைத் துடைத்துத் துடைத்து அறுத்துக்கொண்டே போனேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ புள்ள, விட்ரு. இன்னும் என்ன இருக்கு அதுல?"

"வெள்ளையா வர்ற வரைக்கும் அறுக்கணும்."

என் நெஞ்சு உயரத்துக்கு இருந்த துண்டு, கடைசியில் ஒரு முழத்துக்கு வந்து நின்றது. வளையம் சுத்தமாக வெள்ளையாக இருந்தது. கையில் மிஞ்சியது அது ஒன்றுதான். உடனே நடுவதற்குக் கை பரபரத்தது. ஆனால் அப்படி நட்டு இரண்டைக் கொன்றிருக்கிறேன். அன்று அதைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பழைய வீட்டில் கொடிக்கயிற்றை விட்டுவிட்டு வந்திருந்தோம். அதை அவிழ்க்கப் போனேன். வீட்டுக்கார அம்மா வாசலிலேயே நின்றிருந்தார். அவரைக் கண்டால் அந்த வீட்டில் இருந்த காலத்திலேயே ஒதுங்கிப் போகிறவள் நான்.

"எதையும் விட்டுட்டுப் போய்ட்டியாம்மா?"

"கொடிக்கயிறுங்க."

"எடுத்துக்க. வீட்ட இடிக்க நாளைக்கு மிஷினு வருது. அந்த முள்ளுக்கட்டையும் அதுலயே போயிரும். எங்க வீட்டுக்காரரு ரெண்டு தடவ கால்ல குத்திக்கிட்டாரு."

கயிற்றை அவிழ்த்துக்கொண்டே கட்டையைப் பார்த்தேன். நாங்கள் போன நாளிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் விழவில்லை. நாள் முழுக்க உச்சி வெயில். அது பட்டுப்போயிருக்க வேண்டும். குனிந்து வெட்டுவாயைத் தடவினேன். அது உள்வாங்கி, வெளுத்து, காய்ந்த தோல் போல இறுகியிருந்தது. நகத்தால் தட்டினால் சத்தம் வந்தது. ஈரமில்லை, பழுப்பில்லை, நாற்றமில்லை. ஒரே நாளில், ஒரே ரம்பத்தில் அறுத்த வெட்டு. அதன் மறுபக்கம் என் வாளியில் அழுகியது. இந்தப் பக்கம் ஆறிவிட்டது.

எங்களுக்கு மழைக்காலத்தில் மலையில் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வரும். என்ன மருந்து போட்டாலும் ஈரத்தில் நிற்கும் வரைக்கும் ஆறாது. சோலிக்குப் போகாமல் காலைக் காயவைத்து உட்கார்ந்தால்தான் ஆறும். இவ்வளவு காலம் அந்தப் புண்ணோடு நடந்தவள், வெட்டின ஈரம் ஆறாத செடியைக் கொண்டுபோய்ச் சகதியில் வைத்திருக்கிறேன். ஏலத்துக்கு எது உயிரோ அதுதான் இதற்கு நஞ்சு. கயிற்றைச் சுருட்டிக்கொண்டு வேகமாக வீட்டுக்கு வந்தேன்.

மிஞ்சிய துண்டை வெறும் வாளியில், அடி மண்ணில் படாமல், மூன்று செங்கல்லுக்கு நடுவே நிறுத்தி வைத்தேன். நிழல், காற்று, அவ்வளவுதான். மலையில் அப்போது நடவுக்காலம் தொடங்கியிருந்தது. பகலெல்லாம் ஈர மண்ணில் ஏலத்தை நட்டுவிட்டு வருவேன். வந்தால் இங்கே ஒன்றும் செய்யாமல் இருக்க வேண்டும். அது பெரிய கஷ்டமாக இருந்தது. செம்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், தண்ணீரை நானே குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

"இத என்ன, காட்சிக்கா வச்சிருக்க?" என்பார் அவர். "பொணத்தக்கூட இத்தன நா போட்டு வைக்க மாட்டாக."

வெட்டுவாய் கட்டையில் பார்த்தது போலவே உள்வாங்கி இறுகியது. அடுத்தது மண். இலைமக்கு மண்ணை மறுபடி தொடுவதாக இல்லை. தண்ணீர் நிற்காத மண் வேண்டும். மலையிறங்கி முடிந்ததும் ரோட்டோரம் ஓர் இடத்தில் ஓடை கொண்டுவந்து கொட்டிய சரளை குவிந்து கிடக்கும். தினமும் ஜீப்பில் அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நிறுத்தச் சொல்ல வேண்டும். ஜீப்பில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் வீட்டில் அடுப்பு காத்திருக்கிறது. அவர்கள் நடுவில் ஓரமாக உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்கிறவள் நான். மூன்று நாள் வாயைத் திறக்கப் போய் மூடிக்கொண்டேன். சரளை பின்னால் போய்விடும்.

நான்காம் நாள் ஜீப்பு வளைவிலிருந்து இறங்கும்போதே கத்திவிட்டேன். "அண்ணே, நிறுத்துங்க!"

டிரைவர் பதறிப் பிரேக்கை மிதித்தார். எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள்.

"யாரு விழுந்தது?"

"யாரும் விழலண்ணே. மதினி பேசிட்டாக!" என்றாள் என் பக்கத்தில் உட்காரும் தோழி. நாங்கள் ஒருவரையொருவர் மதினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். "எல்லாரும் கேட்டுக்கங்க. இன்னைக்கு மழ கொட்டப் போகுது."

ஜீப்பே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. "சரள மண்ணு அள்ளணும்ணே. கொஞ்சந்தேன்," என்றேன்.

"மேல தங்கமாட்டம் கருப்பு மண்ணு கெடக்கு. இந்தச் சல்லியவா அள்ளப் போற? வீடு கட்டுறியாம்மா?" என்றார் டிரைவர்.

"இதுதேன் வேணும்."

"அள்ளு, அள்ளு. ரெண்டு நிமிசத்துல ஏறல, நடந்துதேன் வரணும்."

தோழியும் கூட இறங்கினாள். "எதுக்குன்னு சொல்லித் தொலைங்க மதினி. ஒலையில அரிசி போடாம இங்க கல்லுப் பொறுக்குறேன்."

"கள்ளிக்கு."

"கள்ளிக்கா! புருசனுக்கு ஒரு நா இப்பிடி ஜீப்ப நிறுத்திருக்கீகளா?" என்று சொல்லிக்கொண்டே கோணியின் வாயை விரித்துப் பிடித்தாள்.

சரளையில் கால் பங்கு செம்மண் கலந்து, வாளியின் அடியில் ஓட்டை இன்னும் பெரிதாகப் போட்டு, துண்டை நிறுத்தினேன். ஆடாமல் இருக்கச் சுற்றி மூன்று குச்சி. தண்ணீர் ஊற்றவில்லை.

அப்புறம் சாரல் வந்துவிட்டது. மேற்கே மலைமேல் மழை கொட்டினால் போடியில் காற்றோடு தூவும். மொட்டைமாடியில் கூரை கிடையாது. மலையில் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ள என்னிடம் ஒரு பிளாஸ்டிக் தாள்தான் இருந்தது. அதை வாளிக்கு மேலே குச்சி நட்டுக் கட்டிவிட்டு, வேறு வாங்கும் வரை தோழியின் தாளுக்குள் ஒண்டிக்கொண்டேன். "கள்ளி நனையக் கூடாதாம், இவக நனையலாமாம்," என்று அவள் தோட்டம் முழுக்கச் சொல்லிவிட்டாள். சொன்னால் சொல்லட்டும் என்று இருந்தது. முன்பென்றால் இரண்டு நாள் சோலிக்கே போயிருக்க மாட்டேன்.

வாரங்கள் போயின. துண்டு சுருங்கியது. விலாக்கள் ஒடுங்கி நடுவில் பள்ளம் விழுந்தது. தண்ணீருக்கு ஏங்குகிறதா, சாகிறதா, எனக்குத் தெரியவில்லை. எதுவானாலும் வேர் வராமல் ஊற்றுவதில்லை என்று இருந்துவிட்டேன். அழுகிப் போவதற்குப் பதில் காய்ந்து போகட்டும்.

ஒரு சாயங்காலம் நான் ஜீப்பிலிருந்து இறங்கி மாடியேறும்போது அவர் வாளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். மூட்டை தூக்கும்போது தோளில் போடும் சாக்குத்துணி கையில் இருந்தது.

"இன்னைக்கு இதுக்கு ஒரு முடிவு கட்டிருவோம்," என்றார். "செத்தத வச்சு எத்தன நாளைக்குக் காத்துக் கெடப்ப? எடுத்து ஏறக்கட்டிடறேன். நீ கோவிச்சுக்கிட்டாலுஞ் சரி."

நான் எட்டுவதற்குள் துணியைச் சுற்றி மேலே இழுத்துவிட்டார்.

கள்ளி வரவில்லை. வாளிதான் தரையை விட்டுக் கிளம்பியது.

அவர் சட்டென்று இறக்கினார். மறுபடியும் இழுத்தார், இந்த முறை மெதுவாக, பல்லாடுகிறதா என்று பார்ப்பது போல. வரவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏ புள்ள… வேர் புடிச்சிருக்கு."

நான் பையைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்தேன். வாளியின் ஓரமாகச் சுற்றி ஊற்றினேன். சரளை அதை உறிஞ்சியது. அதற்குள் அவர் எழுந்து போய்க் குடத்தையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

"பாவம், எத்தன நா தாகமோ. தள்ளு, ஊத்துறேன்."

"வேணாம்," என்றேன். "கீழ வைங்க."

கீழே வைத்தார்.