வெண்படலம் போகாத பாட்டில்

என் மனைவிக்குப் பழைய கண்ணாடி பாட்டில் என்றால் பைத்தியம். காரைக்குடியில் பழைய சாமான் கடைகளுக்கு, நகைக்கடைக்குப் போகிறவள் மாதிரி சிரித்த முகமாகப் போவாள். கோலி சோடா, மைக்கூடு, சென்ட் புட்டி, யாரோ குடித்துப் பிழைத்த மருந்து பாட்டில் என்று பை கணகணக்கத் திரும்பி வருவாள். "பேசாம ஒரு காயலான் கடை வச்சிரலாம்" என்பேன். "மொதச் சரக்கு நீங்கதான்" என்பாள்.

மகனுக்குக் குழந்தை பிறந்ததும் ஒத்தாசைக்கு ஆறு மாதம் என்று கனடா போனாள். இரண்டு தீபாவளி போய்விட்டது. என்னையும் கூப்பிட்டார்கள். வெள்ளாமையை யார் பார்ப்பது, குளிர் ஆகாது என்று ஒரே பிடியாக நின்றுவிட்டேன். எனக்கு வீராப்பு அதிகம்.

அலமாரியில் தூசி ஏறியது. அவள் வரும்போது பளிச்சென்று இருக்கட்டும் என்று ஒருநாள் கழுவ உட்கார்ந்தேன். மைக்கூட்டில் ஆற்று மணலைப் போட்டுக் குலுக்கியதில் உள்ளே முழுக்கக் கீறல். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான். வீடியோவில் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அரிசியப் போட்டு, வினிகர ஊத்திக் குலுக்குங்க. போர்த் தண்ணில அலசாதீக, உப்பு படியும்." அன்றிலிருந்து கேன் தண்ணீரில் எனக்கு ஒரு பங்கு, பாட்டிலுக்கு இரண்டு பங்கு.

இங்கே காலை என்றால் அங்கே இரவு. பேரன் தூங்கியதும் கூப்பிடுவாள். கழுவியதை ஒவ்வொன்றாகக் காட்டுவேன். பாட்டிலைப் பற்றியே அரைமணி நேரம் பேசுவோம். எப்போது வருவாய் என்று மட்டும் நான் கேட்டதில்லை. கேட்டு, "வரலை" என்று சொல்லிவிட்டால்? எனக்கு அவளை அவ்வளவு தேடியது. கட்டிலில் அவள் பக்கம் இன்னும் நான் படுப்பதில்லை.

சாக்கோட்டையில் இடித்த வீட்டுச் சாமானோடு வந்த நீல மருந்து பாட்டில் ஒன்று மட்டும் மசியவில்லை. மேலெல்லாம் வெண்படலம். தண்ணீரில் இருக்கும்போது புதுசு மாதிரி தெரியும், காய்ந்தால் மறுபடி வெளுத்துவிடும். ஒருநாள் ஈரத்தோடே அவளுக்குக் காட்டி, "பாத்தியா, போயிருச்சு" என்றேன்.

"காயட்டும், அப்பறம் காட்டுங்க."

ஃபேனுக்கு அடியில் வைத்தேன். படலம் மெல்ல ஏறியது. சிரித்தாள். "அது அழுக்கு இல்ல. கண்ணாடியே அரிச்சுப் போச்சு. எம்புட்டுத் தேச்சாலும் போகாது." சிரிப்பு அடங்கியதும் சொன்னாள்: "எல்லாத்தையும் ஆசைப்படுறவுக யாருக்காச்சும் குடுத்துருங்க."

தூசி தட்டக்கூட யாரையும் விடாதவள் இப்படிச் சொல்கிறாள் என்றால், இனி வரப்போவதில்லை. இத்தனை நாள் கேட்கப் பயந்ததற்கு அவளாகவே பதில் சொல்லிவிட்டாள் என்று நினைத்தேன். "ஏன்?" என்றேன்.

"நீங்க இங்குட்டு வந்துட்டா அதுகள யாரு பாக்குறது?"

நான் வருவதாக எப்போது சொன்னேன் என்று வாய் வரை வந்தது. திரையில் அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"நீங்களாச் சொல்லுவீகன்னு தெனமும் பாத்துக்கிட்டே இருக்கேன். எப்பத்தான் வாரீக?"

ஏங்கிக் கிடப்பது நான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தேன். பாஸ்போர்ட்கூட எடுக்காத மனுசனை அவள் அங்கே தினமும் எதிர்பார்த்திருக்கிறாள்.