பினாங்குக்குப் போகவிடாத ஒரு தும்மலைத் தேடி

பினாங்குக்குப் போவது என்று நான் முடிவு செய்யவில்லை. என் வாய்தான் செய்தது. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே எங்கள் மானாவாரிக் காட்டில் மூன்று வருடமாகக் கிணறு வெட்டினோம். பாறைக்கு அடியிலும் பாறையே இருந்தது. ஒருநாள் டீக்கடையில் ஆள் சேர்க்க வந்த கங்காணி ஒருவர் பினாங்கு ரப்பர் தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, "நானும் எம் பொண்டாட்டியும் வர்றோமுங்க" என்று சொல்லிவிட்டேன். சாயங்காலத்துக்குள் ஊரே என்னை வழியனுப்பத் தொடங்கிவிட்டது.

என் மனைவியின் அண்ணன் மட்டும் சிரித்தார். "மாப்ளைக்கு நாக்கு பினாங்குல, காலு வாய்க்கால்ல" என்றார்.

சரியாகத்தான் சொன்னார். கடலைத் தாண்டுவது என்றாலே எனக்குப் பயம். ஆனால் கடையில் நாலு பேர் முன்னால் சொன்னதை எப்படி விழுங்குவது? என் மனைவியோ அன்றைக்கே கோழிகளைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டாள். "இந்தப் பாறையோட மல்லுக்கட்டுனது போதுமுங்க. எங்காச்சும் போயிப் புதுசாப் பொழைப்போம்" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துப் பயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மிச்சமிருந்த ஒரே வழி சகுனம். புறப்படும்போது கெட்ட சகுனம் ஒன்று கிடைத்துவிட்டால் எங்கள் பக்கத்தில் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். நானே ஏற்பாடு செய்தேன். விறகு பொறுக்கும் அக்காவிடம் போய், "வெள்ளிக்கெழம காத்தால விறகுக்கட்டோட எங்க ஊட்டு வழியா வாக்கா, கொஞ்சம் விறகு வேணும்" என்றேன். புறப்படுகிறவனுக்கு எதிரே விறகுக்கட்டு வந்தால் அதைவிடக் கெட்டது வேறில்லை.

வெள்ளிக்கிழமை ரயிலடிக்குப் போக வாசலில் மாட்டுவண்டி நின்றது. மச்சான்தான் ஓட்டுவதாக இருந்தார். வலது காலை எடுத்து வைத்தேன். அக்கா எதிரே வந்தாள், தலையில் தளும்பத் தளும்ப ஒரு குடம் தண்ணீரோடு.

"ஏக்கா, விறகு எங்கே?"

"உங்க ஊட்டுக்காரிதான் நேத்து வந்து, விறகு வேண்டாம், நெறகொடம் கொண்டான்னு சொல்லுச்சுங்க."

நான் திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். அவள் மூட்டைக்கு முடிச்சுப் போடுவதில் மும்முரமாக இருந்தாள்.

என் இடுப்பில் இன்னொரு ஆயுதம் இருந்தது: மூக்குப்பொடி. ஒற்றைத் தும்மல் விழுந்தால் பயணம் நின்றுபோகும். இரட்டையாக விழுந்தால் நல்ல சகுனம், தாராளமாகக் கிளம்பலாம். துண்டால் முகம் துடைப்பதுபோல ஒரு சிமிட்டா பொடியை இழுத்தேன். ஒரு தும்மல் வந்தது, வீட்டு ஓடு அதிர. வழியனுப்ப வந்த கூட்டம் ஓரடி பின்வாங்கியது. என் மனசுக்குள் மேளம் கொட்டியது. அடுத்த கணம், நான் எவ்வளவு அடக்கியும், இரண்டாவதும் வந்து தொலைந்தது.

"ரெட்டத் தும்மல்! சாமி உத்தரவு கொடுத்துருச்சு!" என்று அக்கா குரல் கொடுத்தாள். கொஞ்சமாக இழுத்திருக்க வேண்டும்; ஆசையில் அதிகமாக இழுத்துவிட்டேன்.

வண்டி ஊரைத் தாண்டியது. ஆலமரத்தடிக்கு வந்ததும் மச்சான் மாட்டை நிறுத்திவிட்டு, நுகத்தடியில் எதையோ சரிபார்க்கிறவர்போல முன்னால் போய் நின்றுகொண்டார்.

"பயமா இருந்தா பயம்னு சொல்லுங்க. மூக்க எதுக்குப் புண்ணாக்கறீங்க?" என்றாள் என் மனைவி.

"பயந்தான்" என்றேன். அதைச் சொல்ல இவ்வளவு நாள் ஆயிற்று.

"எனக்குந்தானுங்க. வேண்டாம்னா இப்பவே சொல்லுங்க. எனக்கு வயித்துநோவுன்னு சொல்லி வண்டியத் திருப்பிரலாம். பழி எம்மேல இருக்கட்டும்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திருப்பு என்றால் திருப்பியிருப்பாள்; அந்தப் பாறைக்கே திரும்பி வந்து, ஊர்ப் பேச்சையும் வாங்கிக்கொண்டிருப்பாள். அவள் மடியில் துணிமுடிச்சு ஒன்று இருந்தது. என்ன அது என்று கேட்டேன்.

"அவரை வெதைங்க. அங்க போயிப் பந்தல் போடலாம்னு."

நான் கடையில் வாயை மட்டும் வைத்துப் பினாங்குக்குப் போயிருந்தேன். இவள் பந்தல் போடும் இடம்வரை போய்விட்டாள். பயம் எங்கும் போகவில்லை, பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருந்தது. வந்தால் வரட்டும், வண்டியில் இடம் இருக்கிறது என்று தோன்றியது.

"திருப்ப வேண்டாம். போலாம்" என்றேன். முதல்முறையாக நானே சொன்னது.

மச்சான் ஏறி உட்கார்ந்து சாட்டையை எடுத்தார். அந்த நேரம் பார்த்து மூக்கில் மிச்சமிருந்த பொடி வேலையைக் காட்டியது. ஒரே ஒரு தும்மல். நான் அத்தனை பாடுபட்டுத் தேடிய சுத்தமான ஒற்றைத் தும்மல்! மச்சான் சாட்டையோடு அப்படியே திரும்பிப் பார்த்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு இன்னொன்று வராதா என்று காத்திருந்தேன். வரவில்லை.

"அது பொடித் தும்மல், சேத்தியில்ல" என்றாள் என் மனைவி. "நீ ஓட்டுண்ணா, ரயிலு போயிரும்."